மணி அடித்துக்கொண்டே இருந்தால் யார் கேட்பார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும், இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. இன்றும் ஸ்காடா மென்பொருளை (ஆலை இயந்திரங்களைத் திரையில் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) நிறுவுவோர் பலர், ஒவ்வொரு சென்சாருக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என்று போட்டு, எல்லா அலாரங்களையும் அவசரத்துக்கான சிவப்பிலேயே விட்டுச் செல்கிறார்கள். எல்லையை 80 டிகிரியில் வைத்தால், வெப்பநிலை 79.9, 80.1 என்று தொட்டுத் தொட்டு மீளும்போதெல்லாம் மணி அடிக்கும். 78-க்கு இறங்கிய பிறகே அலாரம் அடங்கும்படி இடைவெளி கொடுத்திருந்தால் அந்தத் தொல்லையே இருக்காது. ஆபரேட்டர் செய்வதற்கு எதுவும் இல்லாத தகவலை அலாரமாக வைக்கவே கூடாது. எங்கள் இரவு ஷிப்டில் ஒருவர் பஸ்ஸரின் மேல் டேப் ஒட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்