தொடாமலே எழும் அலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய ஆறுதல். மருமகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இப்போதுதான் பழையபடி நிறையப் படிக்கிறேன்.

படித்ததில் ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். விடுதி மொட்டைமாடியில் சிற்றலை வானொலியோடு உட்கார்ந்திருப்போமே, நினைவிருக்கிறதா? தெளிவாக வரும் குரல் மெல்ல அமுங்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி எழும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்பாய் நீ. அப்படி ஏறி இறங்குவதற்கு ஒரு காரணம் மேல்வளிமண்டலத்தில் ஓடும் அலைகள். அவை அயனிமண்டலத்தை, அதாவது உயரத்தில் மின்னேறிய துகள்கள் நிறைந்த காற்றடுக்கை, மேடும் பள்ளமுமாக்க, அதில் பட்டுத் திரும்பும் சிக்னல் ஒரு சமயம் குவியும், ஒரு சமயம் சிதறும். இடிமழையும், மலைமேல் வீசும் காற்றும்கூட இந்த அலைகளை எழுப்பும். ஆனால் மிகப் பெரியவை துருவப் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. கிளப்பிவிடுவது சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேறிய துகள்களின் ஓட்டம்.

இவற்றுக்கும் ஈர்ப்புவிசை அலைகள் என்றுதான் பெயர். ஆனால் விண்வெளியிலிருந்து வந்து பிடிபட்ட ஈர்ப்பு அலைகள் வேறு, இவை வேறு. மேலே தூக்கப்பட்ட காற்று தன் எடையால் விழும், இருந்த இடத்தையும் தாண்டி இறங்கும், மிதந்து மறுபடி ஏறும். அந்த ஆட்டம்தான் அலை.

நான் வியந்து போனது இதில்தான்: சூரியக் காற்று பெரும்பாலும் நம் காற்றைத் தொடுவதே இல்லை. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி, நாலு நாளில் வந்து, பூமியின் காந்தப்புலத்தில் மோதி விலகிப் போகிறது. அது சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கே திரும்பியிருந்தால் பூமியின் காந்தப்புலக் கதவு நன்றாகத் திறக்கும். அப்போது மின்னோட்டம் காந்தக் கோடுகள் வழியே இறங்கி, துருவ ஒளி தோன்றும் வளையத்தில், சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் பாய்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கோடியில் ஒரு பங்குதான். அதனால் மின்னோட்டம் சட்டென்று ஏறினாலே போதும், அந்தக் காற்று சூடேறித் தள்ளப்பட்டு அலை கிளம்பிவிடும். 1960-இல் காலின் ஹைன்ஸ் என்ற இயற்பியலாளர் இந்த வகை அலைகளை விளக்கினார். 1970-இல் சிமோனாஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, துருவ மின்னோட்டம் அவற்றை எப்படி எழுப்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

பெரிய அலைகளின் நீளம் 1,000 கிலோமீட்டருக்கு மேல். நொடிக்கு 700 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள், மூன்று மணி நேரத்துக்குள் நிலநடுக்கோட்டுக்கு வந்துவிடும்!

நார்வேயின் திரோம்சோவில் மேல்வளிமண்டலத்தை ஆராயும் ஈஸ்காட் ரேடார் இருக்கிறது. அதுபோன்ற ரேடார்கள் தரும் படத்தில் அலையின் பட்டைகள் சாய்ந்து தெரியும். 250 கிலோமீட்டரில் முதலில் தென்பட்ட மேடு, நேரம் போகப் போகக் கீழ் உயரங்களில் தெரியும். அலை இறங்கி வருகிறது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஆற்றல் போவது மேல்நோக்கி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சூரியனின் பெரும் புயல்களைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் உள்ள துளைகளிலிருந்து வேகமான சூரியக் காற்று வீசும். சூரியன் சுழல்வதால் 27 நாளுக்கு ஒருமுறை அது நம் பக்கம் திரும்பும். அதன் காந்தப்புலம் நாள்கணக்கில் தெற்கும் வடக்குமாக ஆட, மின்னோட்டமும் விட்டுவிட்டு ஏறும், அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். இவை கீழே இறங்கி மழைமேகங்களையும் பாதிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடர்ந்த காற்றுக்குள் வர வர அலை சுருங்கிவிடுமே.

சரி, உன் பழைய சிற்றலைப் பெட்டி இன்னும் பாடுகிறதா? பாடினால் ஒரு மாலை ஒரே நிலையத்தை வைத்து, குரல் அமுங்கும் நேரங்களைக் குறித்து அனுப்பு. அதே மாலை நானும் இங்கே குறிக்கிறேன். எந்த மாலை என்று நீயே சொல்.

அன்புடன்,
மூர்த்தி