பிள்ளை அழுத பிறகு வரும் இரண்டு மணி நேரம்

அன்பு மகளுக்கு,

ஜவ்வாது மலையில் பணியில் சேர்ந்துவிட்டாய், முதல் மாதமே லேபர் ரூம் டியூட்டி. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். பிரசவம் பார்க்க உனக்குத் தெரியும். பிள்ளை வெளியே வந்த பிறகுள்ள இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது.

பிள்ளை அழுததும் அறை முழுக்கத் தளர்ந்துவிடும். வெளியே நிற்கிறவர்கள் ஆணா பெண்ணா, எத்தனை கிலோ என்று கேட்பார்கள். ரெஜிஸ்டர் எழுத ஒருவர் போவார், டிரே கழுவ ஒருவர் போவார். தாயின் உயிருக்கு ஆபத்து கூடுவதும் அதே நேரத்தில்தான். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் பாய்கிறது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தே இருக்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் சுருங்கி அந்த வாய்களை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். தசை தளர்ந்தால் வேறு எதுவும் அதைப் பிடித்து நிறுத்தாது.

அதனால் தயாரிப்பு, பிள்ளையின் தலை தெரிவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட், அதாவது 5 யூனிட் ஆம்பூல் என்றால் இரண்டு. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் வை, உறைய விடாதே. காலையிலேயே டிரேயில் எடுத்து வைத்து, வெயிலில் பகல் முழுக்கக் கிடந்த மருந்தைப் போட்டுவிட்டு, ‘ஊசி போட்டும் கேட்கவில்லையே’ என்று நிற்பதில் பயனில்லை. மின்சாரம் நின்றால் ஐஸ் பேக் வைத்த பெட்டிக்கு மாற்று. ஆனால் ஆம்பூல் நேரடியாக ஐஸைத் தொடக் கூடாது.

பிள்ளை பிறந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய். பிறகு ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஊசி. பிரசவம் சீக்கிரம் ஆகட்டும் என்று யார் வற்புறுத்தினாலும் இதே ஊசியைப் பிள்ளை பிறக்கும் முன் தசையில் போடாதே. சுருக்கம் கட்டுக்கு அடங்காமல் போய்ப் பிள்ளைக்கு மூச்சு முட்டும், கர்ப்பப்பை கிழியவும் கூடும்.

பிள்ளை நன்றாக அழுதால் துடைத்து, ஈரத்துணியை மாற்றி, தாயின் வயிற்றின் மேல் போடு. தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டினால் போதும். அந்த ரத்தம் பிள்ளைக்கு வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்து. துடைத்து முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால் காத்திருக்காதே. கொடியை வெட்டி, முதல் நிமிடம் முடிவதற்குள் மூச்சு ஊட்டும் அம்பு பேக்கை எடு. நிறைமாதப் பிள்ளைக்கு 1ஆம் எண் மாஸ்க், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை, சாதாரணக் காற்றே போதும். கண்ணை மார்பின் மேல் வை. மார்பு எழும்பவில்லை என்றால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது கழுத்து மடங்கியிருக்கிறது, அல்லது வாயில் சளி. இந்த வரிசையிலேயே சரி செய். பதற்றத்தில் பேக்கை இன்னும் வேகமாக அமுக்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

நஞ்சுக்கு வருகிறேன். கர்ப்பப்பை சுருங்கியிருக்கும்போது மட்டும் கொடியை மெதுவாக இழு, அப்போதும் மற்றக் கை அடிவயிற்று எலும்புக்கு மேலே இருந்து கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்த கர்ப்பப்பையிலிருந்து இழுத்தால் அது உள்பக்கம் வெளியாகப் புரண்டு வரும். வந்த நஞ்சை உள்ளங்கையில் விரித்து, மடல்கள் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார். சவ்வின் மேல் ஒரு ரத்தக்குழாய் ஓடிப் போய் ஓட்டையில் முடிந்தால், ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது என்று பொருள்.

இனி உன் கை வயிற்றின் மேல் இருக்கட்டும். தொப்புளை ஒட்டி, கிரிக்கெட் பந்து போலக் கல்லாகத் தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் இறுகும் வரை தேய். மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. எழுந்து போக முடியாவிட்டால் டியூப் போட்டு வடித்துவிடு. சிறுநீர்ப்பை காலியானதுமே கர்ப்பப்பை இறுகுவது பல நேரம் நடக்கும். முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை கர்ப்பப்பை, ரத்தப்போக்கு, பல்ஸ், பி.பி. நான்கையும் பார். எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகு எழுது, எழுதிவிட்டுப் பார்க்காதே.

கண் ரத்தத்தை எப்போதும் குறைத்தே அளக்கும். துணி குடித்தது, முதுகுக்கடியில் தேங்கியது கணக்கில் வராது. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு (டிரேப்) இருந்தால் அதை இடுப்புக்கடியில் விரி. இல்லையென்றால் நனைந்த துணியை எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழி. ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு இதைத்தான் காட்டியது. டிரேப்பில் அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேரக் கொடுத்தபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை, உன் அலமாரியில் இருப்பவைதான்.

500 மில்லி தொட்டால் ரத்தப்போக்கு என்று அறிவி. 300 தாண்டும்போதே பல்ஸ் 100க்கு மேல் ஏறினாலோ பி.பி. இறங்கினாலோ 500க்குக் காத்திருக்காதே. பல்ஸ்தான் முதலில் ஏறும், பி.பி. கடைசியில் விழும். பி.பி. நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதே. ஹீமோகுளோபின் எட்டில் வந்த பெண்ணுக்கு 300 மில்லியே பெரிய இழப்பு.

அப்போது ஒருவர் கர்ப்பப்பையைத் தேய்க்க, மற்றவர் டிரிப் ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட வேண்டும். ஆக்ஸிடோசின் 10 யூனிட்டை 500 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் விடு. தொடர்ந்து ஒரு லிட்டரில் 20 யூனிட், நான்கு மணி நேரத்துக்கு. கூடவே ரத்தம் உறைந்து நிற்க உதவும் ட்ரனெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், நரம்பு வழியாகப் பத்து நிமிடம் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் பி.பி. இறங்கும். பிள்ளை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், தள்ளிப்போகப் போகப் பலன் கரையும். பி.பி. அதிகமுள்ளவளுக்கு, கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் வேண்டாம். கர்ப்பப்பை கல்லாக இருந்தும் ரத்தம் வழிந்தால், லைட்டைத் திருப்பிக் கிழிசலைத் தேடு.

உன் இடத்திலிருந்து மலை இறங்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே 108க்கும், அவசரப் பிரசவ சிகிச்சை தரும் சீமாங்க் மையத்துக்கும் போன் செய்வது கடைசி வேலை அல்ல, ஊசியோடு சேர்ந்த வேலை. ரத்த குரூப்பைப் போனிலேயே சொல். ஆம்புலன்ஸில் டிரிப் ஓட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதும், கூடப் போகிறவரின் கை வயிற்றை விட்டு விலகக் கூடாது.

எல்லாம் நலமாக இருந்தால் அந்த மணி நேரம் பிள்ளைக்கு. மின்விசிறியை நிறுத்து. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு வைட்டமின் கே 1 மில்லிகிராம் தொடையில். குளிப்பாட்டுவது 24 மணி நேரத்துக்குப் பிறகு. பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிரத் தொடங்கிவிட்டது. தாயின் நெஞ்சோடு ஒட்டிப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்து. சேனை வைக்கவும் கழுதைப்பால் ஊற்றவும் பாட்டிமார் ஆசைப்படுவார்கள். அதட்டாதே தாயி. சீம்பாலைப் பிள்ளை விழுங்குவதை அவர்களையே கிட்டே வந்து பார்க்கச் சொல், கண்ணால் கண்டால் கேட்பார்கள்.

டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதே. வரும் சிஸ்டரைக் கட்டிலருகே கூட்டிப் போய், அவள் கையை எடுத்து அந்த வயிற்றின் மேல் வைத்து, இறுக்கமாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகு உன் கையை எடு.

அன்புடன்,
அம்மா