எலிக்கா, மனிதருக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் மூப்பைத் தள்ளிப்போடும் மூலிகைகள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சைத் தோல் எல்லாம் ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்கிறது. யாருடைய ஆயுளை என்றுதான் சொல்லவில்லை.

திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ராலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 2003இல் ஈஸ்டில் நடந்த சோதனை. 2006இல் கொழுப்பு ஊட்டிக் கொழுக்க வைத்த சுண்டெலிகளிடமும் பலன் தெரிந்தது. அப்புறம் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வுக் கழகம் மூன்று ஆய்வுக்கூடங்களில், சாதாரணத் தீனி தின்னும் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ரெஸ்வெரட்ரால், மஞ்சளிலுள்ள குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு மூன்றுமே ஆயுளைக் கூட்டவில்லை. இந்த முடிவுகள் 2011லும் 2013லும் வெளிவந்தவை. கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும். எல்லாமே வெறுங்கதை என்று சொல்லவில்லை. பாலைவனப் புதர் ஒன்றில் கிடைக்கும் என்டிஜிஏ என்ற பொருள் ஆண் எலிகளின் ஆயுளைக் கூட்டியது. பெண் எலிகளுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இப்போது மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே குர்குமின் டப்பாக்களை அடுக்கி வைக்கிறார்கள். என் மாமியார் வாங்கி வந்ததில் ஒரு மாத்திரைக்கு 500 மில்லிகிராம் குர்குமின், கூடவே மிளகுச் சத்து. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அப்படிப் பார்த்தால் ஒரு மாத்திரை சுமார் 17 கிராம் தூளுக்குச் சமம். மொத்தக் குடும்பத்துக்கும் வைக்கும் மீன் குழம்புக்கே அத்தை அரைத் தேக்கரண்டிதான் போடுவார். மிளகிலுள்ள பைப்பரின், குர்குமினை உடம்பு அதிகமாக உறிஞ்சச் செய்யும். வேறு சில மருந்துகளையும் அப்படியே ஏற்றிவிடக்கூடும். அத்தையோ ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார்.

“எம்ஏஎல் நம்பர் இருக்கே” என்பார் அத்தை. மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண் அது. அந்த எண் ‘டி’ (T) என்று முடிந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று பொருள். தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள், சரி. அது இளமைக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது சோதனை நடந்தது எலியிலா மனிதரிலா, கொடுத்த அளவு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரைக்குக் கீழேயே அதே வகை மாத்திரைக்கு அரைப்பக்க விளம்பரம் வந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதையும் தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு