ஒரு தொப்பிக்கு வாங்கிய புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். சென்ற கிழமை தொலைபேசியில், "குளிரையும் வேலையையும் பற்றியே சொல்லுகிறாய், என்ன வாசிக்கிறாய் என்று சொல்லவில்லையே" என்று கேட்டீர்கள். அதற்கான விடையை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள கிளையில் தமிழ்ப் புத்தகங்களுக்கும் தனித் தட்டுகள் இருக்கின்றன; எடுத்தால் 21 நாள் வைத்திருக்கலாம், பிந்தினாலும் இப்போது தண்டப்பணம் இல்லை. ஆனால் என் வாசிப்பை வளர்ப்பது நூலகத்தைவிட, சனிக்கிழமை பின்னேரங்களில் கோப்பிக் கடையொன்றில் நாங்கள் நால்வர் கூடும் மேசைதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி ஒருவர், கயானாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான். புத்தகத்தைக் கொடுப்பவர், தன்னை நித்திரை கொள்ளவிடாத பக்கம் எதுவென்று சொல்லியே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அந்த ஆசிரியர் சென்ற மாதம் என் கையில் வைத்தது, ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த நூல். "கொட்டியாரம் உன் திருகோணமலைக்குக் கிட்டவா?" என்று அவர் கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது. புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த நம் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் தந்தையுடன் பிடிபட்டபோது நொக்ஸுக்கு வயது 19. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்துவிட, தப்பிப் போகும்வரை மேலும் 18 ஆண்டுகள் மலைநாட்டில் கழித்திருக்கிறார். நம் மக்களை அவர் எடைபோடும் சில இடங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உழவையும் சூடடிப்பையும் பார்த்துப் பார்த்து எழுதிய பகுதிகளை நீங்கள் படித்தால் மிகவும் விரும்புவீர்கள்.

என்னை உறங்கவிடாத பக்கம் வேறு. சிறையிருப்பில் நொக்ஸிடமிருந்தவை இரண்டே சமய நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்ததில் அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் அவருடைய வேலைக்காரப் பையன் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, அவ்வழியே வந்த கிழவர் ஒருவர், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தமக்குக் கிடைத்த புத்தகமொன்றை விற்க வேண்டுமென்கிறார். பிரித்துப் பார்த்தால் ஆங்கில விவிலியம்! கையிலிருந்த காசைக் கொடுத்துவிட முனைந்தவரைப் பையன்தான், ஆசையை வெளியே காட்டாதீர்கள் என்று தடுத்து, பின்னல் தொப்பியொன்றுக்கு அதை வாங்கிக் கொடுக்கிறான். தொப்பி பின்னித்தான் அவர் அங்கே சீவித்தார். வாசித்து முடித்தபோது இரவு 2 மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் இடமில்லையென்று நான் வீட்டில் விட்டுவந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்போது என் முறை. அந்தக் குடாவை வெளியார் ஒருவரின் கண்ணால் பார்த்த நண்பர்களுக்கு, அதன் கரையிலேயே பிறந்த ஒருவரின் எழுத்தைக் கொடுக்க விரும்புகிறேன். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதைத் தொகுதி உங்கள் அலுமாரியில் மேல்தட்டில், அகராதிக்குப் பக்கத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் தானே வாசிப்பார். மற்ற இருவருக்கும் நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லுவேன். மூதூர் லோஞ்சுப் படகில் போகும்போது நீங்கள் எனக்குக் கதை சொன்னதைப் போல.

மாமா வைகாசியில் வரும்போது அதைக் கொடுத்துவிடுங்கள். அட்டை கழன்றிருந்தாலும் ஒட்ட வேண்டாம்; ஓரங்களில் நீங்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகள் பசையில் மறைந்துவிடும்.

அன்பு மகன்