கேமரா ஆப்பில் படம் சேவ் ஆகவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பாதுகாப்பு கேமராக்கள் பற்றி எங்கள் சேவைப் பிரிவுக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "லைவ் நன்றாகத் தெரிகிறது, போட்டோ மட்டும் வரமாட்டேன் என்கிறது." இப்படிச் சொல்பவர்களில் பலர் எங்களைக் கூப்பிடும் முன்பே ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள். சிலர் மெமரி கார்டையும் ஃபார்மட் செய்து முடித்திருப்பார்கள். தயவுசெய்து இந்த இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில ஆப்கள் நீங்கள் எடுத்த படங்களை போனின் கேலரியில் போடாமல் தங்களுக்கென்று இருக்கும் ஃபோல்டரில்தான் வைத்திருக்கும். ஆப்பை நீக்கினால் அந்த ஃபோல்டரும் கூடவே போய்விடும். கேலரியில் படம் இல்லையென்றால், முதலில் ஆப்புக்குள் 'ஆல்பம்' என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தேடுகிற படம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எந்தப் படம் வரவில்லை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லைவ் ஓடும்போது நீங்களாகப் பட்டனைத் தட்டி எடுக்கும் படம் பொதுவாக போனில் சேரும். நடமாட்டத்தைப் பார்த்து கேமரா தானாக எடுக்கும் படம் மெமரி கார்டிலோ கிளவுடிலோ சேரும். முதலாவது வரவில்லையென்றால் போனைப் பாருங்கள், இரண்டாவது வரவில்லையென்றால் கேமராவையும் கார்டையும் பாருங்கள்.

போனில் முதல் சந்தேகம் அனுமதி மேல்தான். ஆப்பைப் போட்ட அன்று வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கும்; அவசரத்தில் ஒன்றுக்கு 'வேண்டாம்' என்று தட்டியிருப்போம். அப்புறம் ஆப் திரும்பக் கேட்காமலே இருந்துவிடலாம். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து 'போட்டோஸ்' அனுமதியை நீங்களே மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் படங்கள், வீடியோக்களுக்கான அனுமதி ஆடியோவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு 14இல் 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்று இன்னொரு வழியும் சேர்ந்தது. சில மாதங்கள் திறக்காமலே விட்ட ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே எடுத்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. "நேற்றுவரை வேலை செய்ததே" என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஐபோனிலும் அந்த ஆப்பின் 'போட்டோஸ்' பகுதியில் 'இல்லை' என்று இருந்தால் படம் சேராது. போனில் இடம் நிறைந்திருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படம் வருகிறது, ஆனால் முகம் தெரியவில்லை என்றால், லைவ் திரையின் மூலையில் எச்.டி. (கூடுதல் தெளிவு), எஸ்.டி. (குறைந்த தெளிவு) என்று ஒரு பட்டன் இருக்கும். டேட்டா மிச்சமாகட்டும் என்று பல ஆப்கள் எஸ்.டி.யில்தான் தொடங்கும். திரையில் ஓடுவதையே ஆப் படமாக எடுக்கிறது என்றால், 1920க்கு 1080 தரமுள்ள கேமராவிலிருந்தும் 640க்கு 360 அளவில்தான் படம் கிடைக்கும். எச்.டி.க்கு மாற்றி, சில வினாடிகள் பொறுத்து, பிறகு தட்டுங்கள். லைவ் திறந்த உடனே எடுத்த படத்தில் சாம்பல் பூசியதுபோலவோ கட்டம் கட்டமாகவோ தெரிவதும் இதே அவசரத்தால்தான். முழுக் காட்சி ஒன்று வந்து சேர்ந்த பிறகே மற்றவை தெளியும். வைஃபை பலவீனமாக இருந்தால் அது எப்போதுமே தெளியாது. போனுக்கு நன்றாகக் கிடைக்கும் சிக்னல், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேமராவுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கேமரா தானாக எடுக்கும் படங்களில்தான் குழப்பம் அதிகம். அறிவிப்பு வருகிறது, திறந்தால் காலியான வாசல் மட்டும் தெரிகிறது என்பார்கள். பேட்டரியில் ஓடும் கேமராக்கள் சார்ஜை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூட்டை உணரும் சென்சார் எழுப்பி, கேமரா கண் விழிப்பதற்குள் ஆள் கடந்து போய்விடுவார். அந்த சென்சாருக்குக் குறுக்கே நடப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது, நேராக எதிரே வருபவரைப் பிடிப்பது கடினம். ஆகவே வழிக்கு நேரெதிராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான இடைவெளியை செட்டிங்கில் குறைத்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும். ஆனாலும் வாசல் கேமராவுக்கு அதைக் குறைப்பதுதான் சரி என்பது எங்கள் கருத்து. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கவிட்டால் இந்த சென்சார் வேலையே செய்யாது, உடல் சூடு கண்ணாடியைத் தாண்டி வராது.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இரவில் இன்னொரு தொல்லையும் உண்டு. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வெளியே மாட்டிய கேமராவிலும் வெள்ளைப் புகைபோலத் தெரிந்தால் லென்ஸ் பக்கத்தில் சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மெல்லிய துணியால் துடைத்தாலே சரியாகிவிடும்.

பகல் முழுக்கப் படம் வந்து, இருட்டியதும் நின்றுபோகிறதா? ஆப்பை விட்டுவிட்டு மின் இணைப்பைப் பாருங்கள். இரவு விளக்கு எரியும்போது கேமராவுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். கூடவே வந்த கேபிள் எட்டவில்லை என்று நீளமான, மெல்லிய யூஎஸ்பி கேபிள் போட்டிருந்தால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். விளக்கு எரிந்ததும் கேமரா அணைந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அணையும். பக்கத்தில் நின்றால் 'டிக் டிக்' என்று திரும்பத் திரும்பக் கேட்கும். பகலுக்கும் இரவுக்கும் மாறும்போது உள்ளே ஃபில்டர் நகரும் சத்தம் அது. ஒரு முறை கேட்டால் இயல்பு, நிற்காமல் கேட்டால் ஒரிஜினல் அடாப்டரையும் கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மெமரி கார்டு. ஓயாமல் எழுதி எழுதி அதுவும் தேயும். தேய்ந்த கார்டு சில நேரம் படிக்க மட்டும் அனுமதிக்கும், புதிதாக எழுத விடாது. ஃபார்மட் முடிந்தது என்று ஆப் சொல்லும். திறந்தால் பழைய படங்கள் அப்படியே இருக்கும். அந்த நிலை வந்தால் புதுக் கார்டுதான் வழி. எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை, ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் 'ஹை எண்டூரன்ஸ்' வகையாக இருந்தால் போதும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறையில் வரும். சில பழைய கேமராக்களுக்கு 32 ஜிபி வரையுள்ள, ஃபேட் 32 என்ற பழைய முறையிலான கார்டுகள்தான் புரியும். புதுக் கார்டை கேமராவுக்குள் போட்டு, ஆப் வழியாகவே ஃபார்மட் செய்யுங்கள்.

கேமராவின் தேதி தவறியிருந்தால் படம் வேறொரு நாளின் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும். நேர மண்டலத்தையும் சரிபாருங்கள்.

திருட்டு போன்ற ஏதாவது நடந்து படத்தைக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டியிருந்தால், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, கேமராவில் வேறு கார்டு போடுங்கள். அதே கார்டில் பதிவு தொடர்ந்தால் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் சரியாகவில்லையென்றால் எங்களுக்கு எழுதுங்கள். கேமரா மாடல், போனின் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, தவறு நடந்த நேரம், பிழைச் செய்தி தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவை இருந்தால் போதும். பாஸ்வேர்டை மட்டும் அனுப்பாதீர்கள், எங்களுக்கு அது தேவையில்லை.

அன்புடன்,
சேவைப் பிரிவு