பேட்டரிக்கு லோடு டெஸ்ட் வேண்டும், பத்திரமாக

ரோபோ போட்டி அணிகளின் வழிகாட்டிகளுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். களத்தின் நடுவில் ரோபோ திடீரென்று நின்றால் முதலில் புரோகிராமைக் குறை சொல்கிறோம், அப்புறம் வயரிங்கை. பேட்டரி பற்றிக் கேட்டால், "மீட்டரில் 12.7 வோல்ட் காட்டியதே" என்கிறார்கள் மாணவர்கள். சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்டேஜ் சார்ஜ் இருப்பதை மட்டும்தான் சொல்லும். மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று சொல்லாது. நல்ல 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியின் உள்தடை (மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) 0.015 ஓம் வாக்கில் இருக்கும். 100 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை வோல்ட் இறங்கும், அவ்வளவுதான். தேய்ந்துபோன பேட்டரியில் உள்தடை 0.04 ஓம் என்று வையுங்கள்: அதே 100 ஆம்பியருக்கு 4 வோல்ட் போய்விடும். எல்லா மோட்டாரும் சேர்ந்து 150 ஆம்பியர் கேட்டால் 7 வோல்ட்கூட மிஞ்சாது. மீட்டரில் இரண்டும் ஒரே 12.7தான்.

ஆகவே லோடு டெஸ்ட், அதாவது பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டத்தை இழுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது, கட்டாயம் வேண்டும். என் கவலை அது நடக்கும் விதம் பற்றியது. ஹீட்டர் கம்பியைக் கிளிப்பில் மாட்டி, மேசை ஓரத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 100 ஆம்பியர் ஓடினால் ஆயிரம் வாட்டுக்கு மேல் சூடு, ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு. அதைவிட எனக்குப் பயம் தருவது டெர்மினலில் தெறிக்கும் தீப்பொறி. அதிகமாகச் சார்ஜ் ஏறினால் மூடிய பேட்டரியின் வால்வும் திறந்து ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். சார்ஜ் போடும் இடத்திலேயே டெஸ்ட் வேண்டாம். டெஸ்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டுங்கள், பிறகு போடுங்கள். கழற்றும்போதும் முதலில் சுவிட்ச். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல், மோதிரமோ வளையலோ கழற்றாமல் யாரும் கை வைக்கக் கூடாது. உப்பிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு டெஸ்டே கிடையாது, ஓரமாக எடுத்து வையுங்கள்.

கொள்ளளவு பார்ப்பவர்களுக்கு ஒன்று. 18 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. 7.5 ஆம்பியரில் வேகமாக இறக்கினால் குறைவாகத்தான் வரும்; அதைப் பார்த்து நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வந்தபோது இதே மின்னோட்டத்தில் எவ்வளவு வந்தது என்று அதன் மேலேயே எழுதி வைத்து, அதோடு ஒப்பிடுங்கள். 10.5 வோல்ட்டில் நிறுத்தி, உடனே சார்ஜ் போடுங்கள். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

அமைப்பாளர்களே, ரோபோவின் எடையையும் அளவையும் இவ்வளவு கறாராகப் பார்க்கிறீர்கள். பரிசோதனை இடத்தில் நல்ல லோடு டெஸ்டர் ஒன்றும், பக்கத்தில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரும், அமிலம் சிந்தினால் போட சமையல் சோடாவும் வையுங்கள். சொந்த டெஸ்டர் வாங்க முடியாத அணிகளும் அங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஓர் அணியின் வழிகாட்டி