ராஜாவைத் தொட்ட கை

அண்ணா,

நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் அதே மண்டபத்தில் இந்த முறையும் செஸ் டோர்னமென்ட் நடந்தது. நான் போகவில்லை. நீங்களும் போகவில்லையாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

கடைசி ரவுண்டில் நாம் இருவரும் மோத வேண்டும் என்று பேரிங் ஒட்டியதும் டீக்கடையில் நீங்கள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

எனக்கு யானையும் ஒரு சிப்பாயும், உங்களுக்கு யானை மட்டும். ஃபிலிடோர் பொசிஷன், சரியாகத் தடுத்தால் டிரா ஆகிற நிலை. சிப்பாய் ஆறாவது கட்டத்துக்கு ஏறும்வரை யானையை உன் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்து, ஏறியதும் கடைசிக்கு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து செக் கொடு என்று காவேரிப்பட்டணம் பஸ்ஸில் காந்தப் போர்டை மடியில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நான் சிப்பாயை ஏற்றினேன். ஓட வேண்டியது யானை. உங்கள் கை ராஜாமேல் போனது.

ராஜா கொஞ்சம் கட்டம் விலகித்தான் நின்றிருந்தது. உங்கள் உதடு அசைந்தது. காயை நேராக்கத்தான் தொடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிற அந்த 'அட்ஜஸ்ட்' என்றீர்களா, வெறும் மூச்சா? என் காதில் விழுந்தது எதுவென்று பொதுவில் கேட்காதீர்கள். நானும் ஒரு காயைத் தொட்டுவிட்டால் டச் மூவ், அதாவது தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்று கேட்கிற உரிமை போய்விடும். யோசிக்கவா நேரம்? கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கிவிட்டேன்.

நடுவரான ஆர்பிட்டர் உங்களிடம்தான் கேட்டார். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் ராஜாவை நகர்த்தினீர்கள். மன்னித்துவிடுங்கள் அண்ணா. ஆனால் ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே ரேட்டிங். தோற்றதில் உங்களுக்குப் போனது பத்துப் புள்ளி. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக்கி, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தபோது, 'உழைக்காமல் வந்த சம்பளம்டா' என்று சிரித்தவர் நீங்கள். அந்தப் பத்துக்கா ஒரு வருஷம் போனை எடுக்கவில்லை? பத்துக்காக இல்லை என்று எனக்கும் தெரியும்.

காந்தப் போர்டு என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கறுப்புக் குதிரை மட்டும் தொலைந்துவிட்டது, அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவருகிறேன். வீட்டில் இல்லையென்றால் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறேன்.